மலைவீட்டு மீன் தொட்டிக்கு மணலும் கல்லும் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக மீன் தொட்டி வைக்கிறவர்கள் கண்ணாடியையும் மீனையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அடியில் பரப்ப வேண்டியதை மட்டும், கடையை விட்டுக் கிளம்பும் நேரத்தில், கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் இரண்டு பாக்கெட் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். மீன் ஒத்துவராவிட்டால் வேறு மீன் வாங்கலாம், விளக்கையும் வடிகட்டியையும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். அடியில் பரப்பியதை மாற்ற வேண்டுமானால் தொட்டியையே காலி செய்ய வேண்டும். ஆகவே ஒரு வாரம் யோசித்து வாங்க வேண்டிய பொருள் அதுதான். கடைகளில் அதைச் சப்ஸ்ட்ரேட் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அடிப்படுகை என்று குறிப்பிடுகிறேன்.

கோவையிலோ மதுரையிலோ மீன் வளர்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. சில அறிவுரைகளைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டியிருக்கிறது. இங்கே குழாயில் வருவது கால்சியமும் மக்னீசியமும் குறைந்த மென்னீர், அதுவும் குளிர்ந்த நீர் என்பதே காரணம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மணலைத் தேர்ந்தெடுத்தால் பிற்காலத் தொல்லைகளில் பெரும்பகுதி வராமலே போய்விடும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ மலையேறி வரும் உறவினர்கள் முதல் நாள் குளித்துவிட்டு, உடம்பிலிருந்து சோப்பு போகவே மாட்டேன் என்கிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சோப்பில் குறை எதுவும் இல்லை. சமவெளியின் கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருப்பதால் அங்கே சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகிறது. இங்கே அவை குறைவு என்பதால் நுரை பொங்குகிறது, வழுவழுப்பும் எளிதில் போவதில்லை. நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனவை. நீரில் எளிதில் கரைந்து சுண்ணாம்பைக் கொடுக்கும் பாறை அது இல்லை. மேலே விழும் மழையும் சரிவில் விரைந்து இறங்கிவிடுவதால் பாறையிலிருந்து எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டு நீரை அளந்து பார்க்க, நீரில் கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதும். அளவு நூறுக்குக் கீழே காட்டினால் மென்னீர் என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டர் இல்லாதவர்கள் பல மாதங்களாக வெந்நீர் போடும் கெட்டிலின் அடியைப் பார்க்கட்டும். வெள்ளைப் படிவு கட்டவில்லை என்றால் அதுவும் ஒரு சான்றுதான். லாரித் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ பயன்படுத்துகிறவர்கள் மட்டும் ஊகத்தை நம்பாமல் கட்டாயம் அளந்துகொள்ள வேண்டும்.

மென்னீர் குடிப்பதற்கு இதமானது. தொட்டியில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றத்தின்போது அமிலம் உருவாகிறது. நீரில் கார்பனேட் போதுமான அளவு கரைந்திருந்தால் அந்த அமிலத்தை அது ஏற்றுக்கொண்டு, நீரின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவை நிலையாக வைத்திருக்கும். மென்னீரில் அந்தக் கையிருப்பு மிகக் குறைவு. எனவே சில மாதங்களில் பிஎச் மெல்ல இறங்கி, ஒரு கட்டத்தில் மளமளவென்று சரியும்; 6-க்குக் கீழே போனால் கழிவை மாற்றும் நுண்ணுயிர்களின் வேலையே மந்தமாகிவிடும். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், மீன்கள் மட்டும் மூலையில் ஒடுங்கி நிற்கும்.

எந்த மீன் என்பதை முடிவு செய்த பிறகே மணல்

மார்கழி, தை மாதங்களில் உதகையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் நாட்களில், வெப்பமூட்டி இல்லாத தொட்டியின் நீர் 15 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். குன்னூரும் கோத்தகிரியும் சற்றே தேவலை. அவலாஞ்சியில் டிரவுட் மீனுக்குக் குஞ்சு பொரிப்பகம் அமைந்ததே இந்தக் குளிரை நம்பித்தான். வெப்பமூட்டி வைக்க விருப்பமில்லாதவர்களுக்குப் பொன்மீனும், ஒயிட் கிளவுட் என்னும் சிறு மீனும் ஏற்றவை. நியான் டெட்ரா, கப்பி, கோரிடோராஸ் போன்றவை வேண்டுமென்றால் நீரை 24 டிகிரி அளவில் வைத்திருக்க வெப்பமூட்டி கட்டாயம் தேவை.

பொன்மீன் நாள் முழுவதும் தரையைக் கிளறி, அள்ளி வாயில் போட்டு, வேண்டாததைத் துப்பும் பழக்கமுடையது. அதன் தொட்டியில் பட்டாணி அளவுக் கல்லைப் பரப்பினால் என்றாவது ஒரு கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒன்று, தடையின்றித் துப்பக்கூடிய மென்மணல் பரப்ப வேண்டும். அல்லது வாயில் நுழையவே முடியாத பெரிய கூழாங்கற்களை ஒற்றை அடுக்காக இட வேண்டும். நான் மென்மணல் பக்கம். பெரிய கற்களின் இடுக்குகளில் தீனியும் கழிவும் போய்த் தங்கிவிடும். அவற்றை வாரந்தோறும் எடுத்துக் கழுவும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கோரிடோராஸ், லோச் போன்ற அடிமட்ட மீன்கள் மீசையால் தரையைத் தடவித் தீனி தேடுபவை. கூர்முனையுள்ள கல்லில் அந்த மீசை தேய்ந்து, புண்ணாகி, கடைசியில் இல்லாமலே போய்விடும். அவற்றுக்கு உருண்ட மணியுள்ள மணலைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். நடுநீரிலேயே நீந்தும் டேனியோ, டெட்ரா வகைகளுக்குப் படுகையைப் பற்றிய கவலை குறைவு. அங்கே செடிகளின் தேவையை வைத்து முடிவு செய்யலாம்.

எதை வாங்கலாம், எதை விடலாம்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒரே சீராகச் சலித்த சிலிக்கா மணல். இதை மீன் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்புச் சாதனம் விற்கும் கடைகளில் வடிகட்டிக்குள் போடுவதற்கென்று மூட்டையாக வைத்திருப்பார்கள். 16/30 என்று குறித்த மணலின் மணிகள் ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதைவிடப் பொடியான மணல் இறுகிக் களிபோல் ஆகிவிடும், வடிகட்டியின் மோட்டாருக்குள்ளும் ஏறும். இந்த அளவு மணலில் பொன்மீனுக்கும் ஆபத்தில்லை, வேரும் பிடிக்கும். முக்கியமாக, சிலிக்கா நீரின் குணத்தை எந்தப் பக்கமும் மாற்றுவதில்லை. பழைய வீட்டுக் கட்டுமானத்தில் மீந்த ஆற்றுமணல் கிடைத்தால் அதுவும் நல்லதே. சலித்து, கீழே சொல்லியிருக்கும் சோதனையைச் செய்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டைப் பலரும் கேட்கிறார்கள். அது பாறையை உடைத்துச் செய்தது. மணிகளின் ஓரம் கூராக இருக்கும், கற்பொடியும் நிறைய. நன்றாகக் கழுவினால் நீருக்குத் தீங்கில்லை என்றாலும், தரையைக் கிளறும் மீன் எதுவும் இல்லாத தொட்டிக்கு மட்டுமே அது பொருந்தும். கடல்மணலில் உப்பும் கிளிஞ்சலும் கலந்திருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். சாயம் பூசிய நீலக் கல், ரோஸ் கல் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. வீட்டுக் குழந்தை அடம்பிடித்தால், ஒரு கைப்பிடியை வெதுவெதுப்பான நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, சாயம் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு வாங்குங்கள்.

செடி வளர்ப்பவர்களுக்காகச் சுட்ட களிமண் உருண்டைகளாக விற்கும் அக்வா சாயில்தான் மலைவாசிகள் மிகவும் யோசிக்க வேண்டிய பொருள். அது நீரிலுள்ள கார்பனேட்டை உறிஞ்சி, பிஎச் அளவை இறக்கும் தன்மையுள்ளது. கடினநீர் உள்ள சமவெளிக்காரருக்கு அது வரம். இருக்கிற சிறு கையிருப்பையும் அது விழுங்கிவிடுவதால் நமக்கு அதே குணம் சுமையாகிவிடும். செடியும் டெட்ரா வகை மீன்களும் மட்டும் உள்ள தொட்டி என்றால் அடிக்கடி அளந்து பார்த்து நடத்தலாம். பொன்மீன், கப்பி, மோலி வளர்ப்பவர்கள் விட்டுவிடுவது நல்லது. புதிய சாயில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவையும் வெளியேற்றும் என்பதால் போட்ட அன்றே மீன் விடக்கூடாது. வேரால் உணவெடுக்கும் கிரிப்டோகொரைன், வாலிஸ்னேரியா போன்ற செடிகளைச் சாதாரண மணலிலேயே, வேருக்கு அருகில் உரவில்லையைப் புதைத்து வளர்க்க முடியும். அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டுக்கும் மணலே தேவையில்லை; அவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும், கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும்.

சுண்ணாம்புக்கல், பளிங்குச் சில்லு, பவளத்தூள், கிளிஞ்சல் ஆகியவற்றைத் தொட்டியில் போடாதீர்கள் என்பது சமவெளி அறிவுரை. நம் நீருக்கு அவை அளவோடு தேவைப்படுகின்றன. ஆனால் படுகை முழுவதும் பளிங்குச் சில்லாகப் பரப்பிவிட்டால் பின்னால் அளவைக் குறைக்க வழியிருக்காது. எனவே படுகையைச் சிலிக்கா மணலாகவே வைத்துக்கொண்டு, கோழித்தீவனக் கடைகளில் கிடைக்கும் நொறுக்கிய கிளிஞ்சலில் அரைக் கைப்பிடியைக் கழுவி, வலைப்பையில் கட்டி, வடிகட்டியின் நீர் பாயும் இடத்தில் வையுங்கள். அமிலம் கூடும்போது அது கரைந்து ஈடுகொடுக்கும். மிகுதியானால் பையை எடுத்துவிடலாம். வெற்றிலைக்கும் வெள்ளையடிப்பதற்கும் பயன்படும் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு வேறு பொருள். அதைத் தவறுதலாகப் போட்டால் பிஎச் ஒரே தாவலில் ஏறி மீன்கள் இறந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் எடுக்கலாமா

கைக்கெட்டும் தூரத்தில் ஓடையும் கூழாங்கல்லும் இருக்கும்போது காசு கொடுத்து மணல் வாங்குவானேன் என்று தோன்றுவது இயல்புதான். எனக்கும் தோன்றியது. குன்னூரில் முதல் தொட்டி வைத்தபோது, தேயிலைச் சரிவின் அடியில் ஓடும் ஓடையிலிருந்து இரண்டு வாளி மணல் அள்ளி வந்து, கழுவிப் பரப்பினேன். ஒரு வாரத்துக்குள் நத்தைகள் ஒவ்வொன்றாக ஓட்டுக்கு வெளியே துவண்டு தொங்கி இறந்தன. மீன்களுக்கு எதுவும் ஆகவில்லை. தேயிலையைத் தாக்கும் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிப்பது மழைக்காலத்தில் வழக்கம். தாமிரம் வண்டலில் ஒட்டிக்கொண்டு தங்கும். மீன் தாங்கும் அளவு தாமிரத்தையே நத்தையாலும் இறாலாலும் தாங்க முடியாது. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ் தோட்டங்களின் கீழே ஓடும் நீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே பூச்சிமருந்தும் சேர்ந்துகொள்ளும்.

காப்புக்காட்டுக்குள்ளிருந்து கல்லோ மணலோ எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணை அடியில் பரப்பி மேலே மணல் போடும் முறையும் ஒன்று உண்டு. உரமும் மருந்தும் படாத மண்ணாக இருந்தால் 2 சென்டிமீட்டர் மண்ணும் அதற்கு மேல் 3 சென்டிமீட்டர் மணலும் என்று செய்யலாம். நம் மலைமண் இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது. ஒருமுறை கலங்கினால் தொட்டி தேநீர் நிறமாகிவிடும். முதல் தொட்டிக்கு வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

சமவெளியிலிருந்து வரும் மணலிலும் கூழாங்கல்லிலும் சுக்கான்கல் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு கைப்பிடியை நன்றாக உலரவைத்து, அதன் மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சில சொட்டு விட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். நுரையோ மெல்லிய சீறலோ இருந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வினிகர் வீரியம் குறைந்த அமிலம் என்பதால் சில கற்கள் இதில் தப்பிவிடும். ஐயம் தீரவில்லை என்றால் ஒரு பாட்டிலில் கால்பங்கு மணலும் மீதிக்கு உங்கள் வீட்டு நீரும் நிரப்பி, முதல் நாளும் ஏழாம் நாளும் டிடிஎஸ் அளந்து பாருங்கள். அளவு குறிப்பிடத்தக்க வகையில் ஏறியிருந்தால் கல் கரைகிறது என்று பொருள்.

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. தொட்டியின் நீளம், அகலம், வேண்டிய ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள தொட்டியில், அதாவது 60-க்கு 30 சென்டிமீட்டரில், சராசரி 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 9 லிட்டர் வேண்டும். மணல் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடையிருக்கும் என்பதால் 14 கிலோ. 15 கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள். செடியில்லாத பொன்மீன் தொட்டிக்கு 3 சென்டிமீட்டரே தாராளம். நீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் இந்தச் சிறிய தொட்டியே 70 கிலோவை நெருங்கும்; பலகைத் தரை போட்ட பழைய மலைவீடுகளில் சுவரோரமாக, கீழே உத்தரம் ஓடும் இடம் பார்த்து வைக்க வேண்டும்.

கழுவுதல், பரப்புதல், நிரப்புதல்

மணலை மொத்தமாகக் கொட்டிக் கழுவினால் பொடி போகாது. வாளியில் மூன்று கிலோ அளவு போட்டு, நீரை வேகமாகப் பாய்ச்சி, கையால் அடிவரை கிளறி, கலங்கலைச் சாய்த்துவிட வேண்டும். பத்து முறையாவது செய்த பிறகே நீர் தெளியும். இங்கத்திய குளிரில் விரல் மரத்துப்போகும் வேலை இது. வெயில் அடிக்கும் நண்பகலில், முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். கழுவிய நீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் மணல் படிந்து அடைத்துக்கொள்ளும், செடிகளுக்கு ஊற்றிவிடலாம். சோப்போ சலவைத்தூளோ துளியும் படக்கூடாது.

தொட்டியின் அடியில் ஒரு சென்டிமீட்டர் தடிமனான தெர்மாகோல் தகடு வையுங்கள். சமவெளியில் கண்ணாடிக்குச் சமமான தாங்கல் கொடுப்பதற்காக வைப்பார்கள். இங்கே அது குளிர் கீழிருந்து மணலுக்குள் ஏறுவதையும் தடுக்கிறது. பெரிய கற்களை அலங்காரமாக அடுக்குவதானால் முதலில் அவற்றைக் கண்ணாடித் தரையில் நேராக ஊன்றி நிறுத்திவிட்டு, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணலின் மேல் கல்லை வைத்தால், மீன் கீழே தோண்டும்போது கல் சரிந்து கண்ணாடியில் விழும். முன்பக்கம் 3, பின்பக்கம் 7 சென்டிமீட்டர் என்று சரிவாகப் பரப்பினால் பார்ப்பதற்கு ஆழம் கிடைக்கும், உயரமான செடிகளுக்குப் பின்னால் வேர் பிடிக்கவும் இடம் இருக்கும். வெப்பமூட்டியை ஒருபோதும் மணலுக்குள் புதைக்க வேண்டாம். சூடு பரவாமல் அதன் கண்ணாடி வெடித்துவிடும். மணலுக்கு அடியில் தட்டு வைத்து இயங்கும் பழைய வகை வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு மென்மணல் ஆகாது, 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள பொடிக்கல் வேண்டும்.

நீர் ஊற்றும்போது மணலின் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அதன் மேல் மெல்ல ஊற்றினால் படுகை குழியாகாது. காலைக் குளிரில் சில்லிட்டுக் கிடக்கும் கண்ணாடியில் வெந்நீரைக் கொட்டினால் விரிசல் விட்டுவிடும். வெதுவெதுப்பாக்க விரும்பினால் வாளியிலேயே கலந்துகொள்ளுங்கள்.

முதல் மாதங்களும் பராமரிப்பும்

கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணல் மணிகளின் மேலும் குடியேற வேண்டும். வெப்பமான இடங்களில் இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்று சொல்வார்கள். குளிர்நீரில் அவை மெல்லப் பெருகும்; வெப்பமூட்டி இல்லாத மலைத்தொட்டிக்கு இரண்டு மாதம்கூடப் பிடிக்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியம் காட்டும்வரை மீன் விடுவதைத் தள்ளிப்போடுங்கள். நண்பரின் நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் ஈரமணலை வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து கலந்தால் இந்தக் காலம் குறையும்.

மென்மணலில் கழிவு மேலேயே தங்குவதால் உறிஞ்சுகுழாயை மணலுக்குள் குத்தாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து எடுத்தால் போதும். பொடிக்கல்லாக இருந்தால் குழாயை அடிவரை இறக்க வேண்டும். செடி இல்லாத இடங்களில் மாதம் ஒருமுறை அகப்பைக் காம்பால் மணலை மெதுவாகக் குத்திவிடுங்கள். காற்றுப் புகாத ஆழத்தில் கறுப்புத் திட்டு உண்டாகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு சேர்வதை அது தடுக்கும். திட்டு ஏற்கெனவே பெரிதாகிவிட்டிருந்தால் ஒரே நாளில் முழுவதையும் கிளறாமல், வாரத்துக்கு ஒரு பகுதியாக, நீரை மாற்றும் நாளில் செய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோவது நமக்குப் பழகிய கதை. அப்போது மணலிலும் வடிகட்டியிலும் உள்ள நுண்ணுயிர்களுக்கும் மீனுக்கும் ஒருசேரக் காற்றுப் பற்றாக்குறை வரும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுமோட்டார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, மின்சாரம் திரும்பும்வரை தீனி போடாமல் இருங்கள். கிளிஞ்சல் பையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதியாகக் கரைந்திருந்தால் புதிதாகச் சேருங்கள். தொட்டியிலிருந்து உறிஞ்சி எடுத்த கலங்கல் நீரில் நைட்ரேட் இருப்பதால், வாசலில் இருக்கும் ரோஜாவுக்கும் ஜெரேனியத்துக்கும் ஊற்றலாம்.